சிலம்பரம் என்று சொன்னது யார்?

நண்பருக்கு என்னவெல்லாம் அனுப்புவோம்? கல்யாணப் பத்திரிகை, ஊர் மாம்பழம், அவசரத்துக்குக் கொஞ்சம் பணம். வார்த்தை அனுப்பியது உண்டா? ‘இன்னிக்கு ஒரு புது வார்த்தை மாட்டுச்சு, உனக்குத் தெரியுமா பார்’ என்று?

பத்து வருஷம் இதையே வேலையாக வைத்திருந்த இரண்டு பேர் உண்டு. ஒருவர் தஞ்சாவூரில் ஜட்ஜ். இன்னொருவர் இத்தாலிக்குத் தெற்கே சிசிலித் தீவில், பலேர்மோ என்ற ஊரில் குடியிருந்த ரிட்டயர்டு ராணுவ இன்ஜினீயர். இரண்டு பேருமே வெள்ளைக்காரர்கள். அவர்கள் கடிதத்தில் பரிமாறிக்கொண்டதோ நம் வார்த்தைகள்!

ஜட்ஜின் பெயர் ஆர்தர் பர்னெல். 1840-ல் பிறந்தவர். இருபது வயதில் மெட்ராஸ் சிவில் சர்வீஸில் சேர்ந்து இங்கே வந்தார். பகலில் கோர்ட்டு, வழக்கு, வாய்தா. மிச்ச நேரமெல்லாம் ஓலைச்சுவடி. தஞ்சை அரண்மனையில் குவிந்து கிடந்த சம்ஸ்கிருதச் சுவடிகளைப் பிரித்து, படித்து, வகைப்படுத்தி 1880-ல் பெரிய பட்டியலே போட்ட மனுஷன். தென்னிந்திய எழுத்துகள் எப்படி வளர்ந்தன என்று 1874-ல் புத்தகமும் எழுதியவர்.

பலேர்மோக்காரர் ஹென்றி யூல். பர்னெலைவிட இருபது வயது மூத்தவர். வங்காளத்துப் படையில் இன்ஜினீயராக இருந்து 1862-ல் ஓய்வு பெற்றவர். மார்க்கோ போலோவின் பயண நூலை விளக்கக் குறிப்புகளோடு 1871-ல் வெளியிட்டு, பெரிய பெயர் எடுத்திருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், கடிதப் போக்குவரத்து ஆரம்பித்தபோது இவர்கள் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு தடவை! அதுவும் லண்டனில், இந்தியா ஆபீஸ் லைப்ரரியில். 1872 வாக்கில் பர்னெல் ஒரு கடிதத்தில் போகிறபோக்கில் எழுதினார். இந்தியாவில் இருக்கும் இங்கிலீஷ்காரர்கள் பேச்சில் கலந்துவிட்ட உள்ளூர் வார்த்தைகளைச் சேர்த்து வருவதாகவும், அதை ஒரு அகராதியாகப் போடும் எண்ணம் இருப்பதாகவும். யூலிடமிருந்து பதில் வந்தது. ‘அட, நானும் ரொம்ப நாளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்! சேர்ந்தே செய்யலாமே’ என்கிற தோரணையில்.

அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து ஒரு வார்த்தை கிளம்பும். கடல் தாண்டி பலேர்மோ போகும். அங்கிருந்து, ‘இதே வார்த்தையைப் போர்ச்சுகீசியர் எழுதிய பழைய புத்தகத்தில் பார்த்தேன்’ என்று பதில் வரும். பர்னெல் தன் சம்பளத்தைக் கொட்டி அரிய புத்தகங்களாக வாங்கித் தேடினார். 1875-ல் யூல் லண்டன் போய்ச் சேர்ந்த பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை.

ஆனால், பர்னெலுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1882 அக்டோபரில் இங்கிலாந்தில் இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டுதான். யூல் தனியாக உட்கார்ந்து மிச்சத்தை முடித்தார். 1886-ல் எண்ணூறு பக்கங்களுக்கு மேலான பெரிய அகராதி வெளிவந்தது. முன்னுரையில் யூல் ஒளிவுமறைவில்லாமல் கணக்குச் சொல்லிவிட்டார். அளவாகப் பார்த்தால் எட்டில் ஏழு பங்கு தன்னுடையது. ஆனால், நண்பர் தந்ததை அளவை வைத்து எடை போடக் கூடாது. சாரமான பலவற்றைத் தந்தவர் அவர்தான் என்று. அட்டையில் இருவர் பெயரும் இருந்தன. பார்ட்னர் போய்ச் சேர்ந்த பிறகும் கம்பெனி போர்டில் அவர் பெயரை எடுக்காமல் வைத்திருப்பதை வியாபாரத்தில்கூட அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

அந்த அகராதியின் பெயர்தான் ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’.

என்ன பெயர் இது, ஏதோ பிஸ்கட் கம்பெனி மாதிரி? விஷயம் இதுதான். மொகரம் ஊர்வலத்தில் முஸ்லிம்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, ‘யா ஹஸன்! யா ஹுசைன்!’ என்று கதறிக்கொண்டு போவார்கள். வேடிக்கை பார்த்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் அது விழுந்த விதம் ‘ஹாப்ஸன்! ஜாப்ஸன்!’ இரண்டுமே இங்கிலாந்தில் சர்வசாதாரணமான ஆள் பெயர்கள். ஒரு துக்கத்தின் குரல் இன்னொருவர் காதில் எப்படி உருமாறுகிறது, பாருங்கள்! இரண்டு பேர் எழுதிய புத்தகத்துக்கு இரட்டைப் பெயர் பொருத்தமாக இருந்தது என்பதும் யூலின் கணக்கு.

சரி, இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடலூரில் பஸ் ஏறுவோம். சிதம்பரம் வரைக்கும் நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன தூரத்துக்குள்ளேயே அகராதியின் பல பதிவுகள் வரிசையாக நிற்கின்றன.

முதலில் கடலூர். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே 1682-83 வாக்கில் கடை விரித்தது. ஊர்ப் பெயருக்கு யூலும் பர்னெலும் என்ன அர்த்தம் சொன்னார்கள்? அநேகமாகக் ‘கடல் ஊர்’ ஆக இருக்கும் என்றார்கள். கடற்கரையில் இருக்கிறது, வேறென்ன?

1903-ல் வில்லியம் குரூக் என்பவர் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். தான் சேர்த்ததையெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டது அவர் வழக்கம். கடலூருக்குப் பக்கத்திலும் ஒரு அடைப்புக்குறி விழுந்தது. மெட்ராஸ் சொற்களஞ்சியத்தின்படி அது ‘கூடல் ஊர்’, கெடிலமும் பரவனாறும் கூடுகிற இடம் என்பதால் அந்தப் பெயர் என்று.

படித்த இரண்டு நண்பர்கள் கடலைப் பார்த்து அர்த்தம் சொல்லிவிட்டார்கள். ஊர்க்காரர்களோ ஆற்றைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த திருப்பம்தான் சுவாரசியமானது. இன்றைக்கு அரசாங்க போர்டிலிருந்து ரேஷன் கார்டு வரை தமிழிலேயே ‘கடலூர்’ என்றுதான் எழுதுகிறோம். கூடலைக் கடல் விழுங்கிவிட்டது!

அடுத்து, பரங்கிப்பேட்டை. அகராதியில் ‘போர்ட்டோ நோவோ’. போர்ச்சுகீசிய மொழியில் புதிய துறைமுகம். வெள்ளைக்காரனைப் பரங்கி என்று சொன்ன தமிழர்களுக்கு அது பரங்கிப்பேட்டை. முஸ்லிம் வணிகர்களுக்கு மஹ்மூது பந்தர். ஒரே மண்ணுக்கு மூன்று பெயர்! இந்த ஊர்ப் பெயரிலேயே தங்க நாணயம் ஒன்றும் புழங்கியது, ‘போர்ட்டோ நோவோ பகோடா’ என்று. அவசரப்படாதீர்கள். டீக்கடைப் பகோடாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளைக்காரர்கள் கோயிலையும் பகோடா என்றார்கள், வராகன் என்ற தங்கக் காசையும் பகோடா என்றார்கள். இந்தியாவுக்கு வந்து சீக்கிரமே பணம் பண்ணுவதற்கு அவர்கள் வைத்த பேர், ‘பகோடா மரத்தை உலுக்குவது’. வார்த்தையிலேயே வாக்குமூலம்!

1781 ஜூலை 1-ம் தேதி இந்தப் பரங்கிப்பேட்டைப் பக்கம்தான் ஹைதர் அலியும் ஜெனரல் அயர் கூட்டும் மோதினார்கள். ஹைதர் தோற்றார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் கூட் அரண் கட்டியிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, முடியாமல் பின்வாங்கியிருந்தார். நடராஜர் கோயில் அப்போது கோட்டையாகப் பயன்பட்டது. ஆங்கிலேயர்கள் எழுதியவற்றில் அந்த ஊர்ப் பெயர் ‘சில்லம்ப்ரம்’.

ஹாப்ஸன்-ஜாப்ஸனிலும் ஊர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. தென்னாற்காட்டில் உள்ள ஊர், புகழ்பெற்ற சிவன் கோயில் உண்டு என்று சொல்லிவிட்டு, பெயருக்கு மூலம் தெளிவாக இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நம்மூர்ப் பண்டிதர்கள் சிரிப்பார்கள். சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் வெளி. சிற்றம்பலம்தான் சிதம்பரம் ஆனது என்போரும் உண்டு.

அதிருக்கட்டும். ‘சில்லம்ப்ரம்’ என்ற உருவத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பிரெஞ்சுக்காரர்கள்கூட ‘ஷலாம்ப்ரோன்’ என்று எழுதியிருக்கிறார்கள். நடுவில் இருக்க வேண்டிய ‘த’ எங்கே? இரண்டு தேசத்துக்காரர்களும் சொல்லி வைத்தாற்போல ஒரே இடத்தில் ‘ல’ போட்டது எப்படி?

வெள்ளைக்காரன் நாக்குக்குத் தமிழ் வராது, அதனால் கெடுத்துவிட்டான் என்றுதான் பொதுவாகச் சொல்வோம். ஆனால், இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ‘சிலம்பரம் போயிட்டு வரேன்’ என்பார்கள். ‘செலம்பரம்’ என்பவர்களும் உண்டு. ஆக, வெள்ளைக்காரன் கெடுக்கவில்லை. கேட்டதைத்தான் எழுதியிருக்கிறான். அவன் ஊர்ப் பெயரைக் கேட்டது தீட்சிதரிடமோ புலவரிடமோ அல்ல. மாட்டுவண்டிக்காரரிடம், பல்லக்குத் தூக்கியவரிடம், கூலிக்கு மூட்டை சுமந்தவரிடம்.

இதே சோதனையை வேறு வார்த்தைகளிலும் செய்து பார்க்கலாம். ‘மல்லிகடானி’ என்று ஒரு சூப். பெரிய ஓட்டல்களில் இன்றைக்கும் மெனுவில் இருக்கும். மிளகுத் தண்ணீர்தான் அது என்று அகராதி சொல்கிறது. ஆனால், ‘தண்ணீர்’ என்பதன் கடைசி ‘ர்’ ஆங்கிலத்தில் இல்லை. ஏனென்றால், சமையற்காரர் வாயில் அது ‘மொளகுதண்ணி’. ‘தண்ணி’தான் ‘டானி’. மைசூர் ராஜ்ஜியத்தின் பெங்களூர்ச் சிறையில் கிடந்த வெள்ளைக்காரக் கைதிகள் இந்த மொளகுதண்ணியையும் கஞ்சியையும் சொல்லிப் புலம்பும் ஒரு பாட்டு 1784-லேயே பதிவாகியிருக்கிறது.

சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது. கறி ‘கரி’ ஆனது. கொள்ளிடம் ‘கோல்ரூன்’ ஆனது (இதில் மட்டும் போர்ச்சுகீசியர் ரொம்பவே விளையாடிவிட்டார்கள்). இப்படி எத்தனையோ வார்த்தைகள் ஆங்கிலத்துக்குள் உட்கார்ந்து விட்டன. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் ஹாப்ஸன்-ஜாப்ஸனைப் பல இடங்களில் ஆதாரம் காட்டுகிறது.

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கே ஒரு கேள்வி வரும். இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தொகை நிற்காது. ஹாப்ஸன்-ஜாப்ஸனில் ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே எந்த வருஷம், எந்த வெள்ளைக்காரர், எந்தப் புத்தகத்தில் எழுதினார் என்று வரிசையாக இருக்கிறது. வாங்கியவர்கள் எல்லோருக்கும் கணக்கு இருக்கிறது. கொடுத்தவருக்கு? தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்று ‘கட்டுமரம்’ என்று சொல்லிக்கொடுத்த மீனவர் யார்? சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்து அதன் பெயரையும் சொன்னவர் யார்? அந்தப் பக்கம் காலி.

நாமும் சும்மா இருக்கவில்லை. கம்பெனியைக் ‘கும்பினி’ ஆக்கினோம். போர்ச்சுகீசியரிடமிருந்து சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் என்று வாங்கி, சொந்த வீட்டுச் சாமான் மாதிரி வைத்துக்கொண்டோம். காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ‘டிபன் ஆச்சு’ என்கிறோமே, அது இங்கிலீஷ் கொச்சை வழக்கிலிருந்து வந்தது என்று நம்புகிறது ஹாப்ஸன்-ஜாப்ஸன்.

கடலூர்க்காரர்களிடம் இன்னொரு அபூர்வ வார்த்தை உண்டு. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டை சரி, சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு நிலம்? ஒப்பந்தம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவும் கம்பெனிக்கு! இருப்பதிலேயே பெரிய பீரங்கியாகப் பார்த்து நாலா பக்கமும் சுட்டார்கள். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘குண்டு கிராமம்’. கடலூர் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்றே ஓர் ஊர் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட ராஜாவையும் கவர்னரையும் விடுங்கள். தங்களைக் கேட்காமலே கைமாறிப்போன குடியானவர்கள், நடந்ததை ஒரே வார்த்தையில் பதிவுசெய்து வைத்துவிட்டார்கள். எந்தப் பத்திரத்தையும்விடக் கச்சிதமாக!

வார்த்தைப் பரிமாற்றம் இப்படி ரசமாகவே முடிந்துவிடுவதில்லை. வாங்கியவன் சரியாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் உலக சாட்சி.

பறையர் என்பது தமிழ்நாட்டின் மிகப் பெரிய சமூகங்களில் ஒன்றின் பெயர். ஐரோப்பியர்கள் அதை எடுத்துப்போய் ‘பரையா’ என்றார்கள். எல்லோராலும் ஒதுக்கித் தள்ளப்பட்ட எவனுக்கும் அதைப் பொதுப் பெயராக்கிவிட்டார்கள். தெருநாய்க்குக்கூட அந்தப் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள், ஒரு நாட்டை உலகம் ஒதுக்கிவைத்தால் கூசாமல் அந்த வார்த்தையைப் போடுகின்றன. 1886-லேயே ஹாப்ஸன்-ஜாப்ஸன் இந்த இடத்தில் நின்று, இது தவறான பொருள் என்று விளக்கியது. மக்கள்தொகையில் பெரிய, தனக்கென்று அமைப்பும் மரபும் உள்ள ஒரு சமூகத்தின் பெயர் இது. பறை என்ற இசைக்கருவியோடு தொடர்புடையது என்று சொன்னது. யார் கேட்டார்கள்? ஷெரூட்டும் கரியும் போன அதே கப்பலில் இந்த அவமானமும் ஏறி, உலகம் பூராவும் போய் இறங்கிவிட்டது.

பெயருக்கு உரியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் மெட்ராஸில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்த வார்த்தையை வைத்து உலகம் தலைகுனிய வைக்கப் பார்த்ததோ, அதையே தலைப்பில் பெரிதாக அச்சடித்தார். மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். எம்.சி. ராஜா போன்றவர்கள் போராடி, 1922-ல் அரசு ஆவணங்களில் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரைக் கொண்டுவந்தார்கள். நம் பெயரை நாமே சொல்கிறோம், நீ எழுதிக்கொள் என்பதுதான் இரண்டு வழிக்கும் பொருள். சிதம்பரத்திலும் அதே காலத்தில் அந்தக் குரல் எழுந்தது. 1916-ல் அங்கே சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கல்விக் கழகம் தொடங்கினார். எந்தப் பெயரில்? சிதம்பரம் தரிசனத்துக்காக ஏங்கித் தவித்த நந்தனார் பெயரில்.

யூலையும் பர்னெலையும் இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. கூடலைக் கடல் என்று நினைத்தார்கள். பிறகு வந்தவர் திருத்தினார். ‘பரையா’ விஷயத்தில் நியாயமாகவே எழுதினார்கள். ஆனால், அச்சில் விழுந்த விளக்கத்தைவிட வாயில் ஏறிய வசை வேகமாக ஓடும். பர்னெலும் யூலும் ஒருவருக்கொருவர் காட்டிய அக்கறையை, வார்த்தையைத் தந்த ஜனங்களிடமும் எல்லா வெள்ளைக்காரர்களும் காட்டியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

2020 ஜூனில் ஒரு செய்தி வந்தது, நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் உச்சரிப்புப்படியே எழுத வேண்டும் என்று அரசாணை. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் போட்டதில் பல ஊர்களை அந்த ஊர்க்காரர்களாலேயே படிக்க முடியவில்லை. ஒரே வாரத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ்ப்படி எழுதுவது நல்ல எண்ணம்தான். ஆனால், எந்தத் தமிழ்? ஏட்டில் இருப்பதா, சந்தையில் இருப்பதா? கூடலூரா, கடலூரா? சிதம்பரமா, சிலம்பரமா? அந்த ஊர் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்காமல் இதற்குப் பதில் கிடைக்காது.

அடுத்த தடவை கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், போர்டைப் பார்க்காதீர்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூவுவதைக் கேளுங்கள். ‘சிலம்பரம், சிலம்பரம், சிலம்பரம்...’ என்று உங்கள் காதில் விழுந்தால், அதே குரலை முன்னூறு வருஷத்தில் எத்தனையோ அந்நியர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டபடியே எழுதி, கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னவர் பெயரை மட்டும் ஒருத்தரும் கேட்டு வைக்கவில்லை.